அஞ்சாம் கொட்டாய்த் தண்ணி

வாங்க டீச்சர், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. விசாலம், யாரு வந்திருக்காங்க பாரு, தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். டீ போடும்மா, அந்தப் பீங்கான் கப்புல கொண்டா. என் மருமகதான். நல்ல பொண்ணு, ஆனா கதவைச் சாத்தத் தெரியாது. ஈ உள்ள வந்துடும். எனக்கு ஈயைக் கண்டாலே ஆகாது டீச்சர். ஒண்ணு வந்து தட்டுல உக்காந்துட்டா அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்காது. கிழவனுக்குக் கிறுக்குன்னு பையன் சொல்றான். சொல்லட்டும். அவன் என்ன சயாமுக்கா போயிட்டு வந்தான்?

நீங்களும் சயாமைப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கீங்க, தெரியும். ஜப்பான்காரன் ரயில் போடக் கூட்டிட்டுப் போனானே, அந்தச் சங்கதி. முன்னெல்லாம் மாசத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க, எங்க அண்ணனைப் பாத்தீங்களா, எங்க மாமாவைப் பாத்தீங்களான்னு. முப்பது வருசம் ஓடிப்போச்சு, இப்ப யாரும் வர்றதில்லே. நீங்க யாரைத் தேடுறீங்க? அப்பாவா. எந்தத் தோட்டம்?

மூங்கிலாத்துத் தோட்டமா. அட, நம்ம தோட்டமாச்சே அது. அங்கதானே நான் பெரட்டுக் கிராணி. விடியக் காலையில எல்லாரையும் வரிசையில நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவேன். தாமோதரம் கிராணி கூப்பிட்டா அந்தக் குரல் மலைக்கு அந்தாண்டை கேக்கும்னு சொல்லுவாங்க. அப்பா பேரு என்ன? சன்னாசி. சன்னாசி... மேல்லயத்து வீடுங்கள்ல அப்படி ஒரு ஆளு இல்லையே. எந்த லயத்துல இருந்தாங்க?

ஓ. கீழ்லயம்.

விசாலம், பீங்கான் கப்பு வேணாம்மா. அதுல விரிசல் விட்டிருக்கு. பின்பக்கம் சன்னல்ல ஒரு கிளாஸ் கவுத்து வெச்சிருக்கும் பாரு, அதுல ஊத்திக் கொடு.

பரவாயில்லே, கீழ்லயத்துலேர்ந்தும் படிச்சு வந்திருக்கே, சந்தோசம். நான் அதெல்லாம் பாக்குற ஆளு இல்லே. பாத்தா வீட்டுக்குள்ள உக்கார வெப்பேனா? அது என்ன, கைக்குட்டையில? இரு இரு, மேசை மேல வைக்காதே. தரையில வை. கருமம், கட்டையா இது? நம்பர் சுட்ட கட்டை. கழுத்துல கயிறு போட்டு மாட்டுவோமே, அது. திருப்பாதே, அப்படியே இருக்கட்டும். அது எதுலயெல்லாம் முங்கி எழுந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். போகும்போது கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போ.

யாரு கொண்டாந்து கொடுத்தா? நொண்டி மாயாண்டியா. ஆமா, எங்க கேம்ப்புலேர்ந்து அவனும் திரும்பி வந்தான். செத்தும் போயிட்டான். அவன் கொண்டாந்து உங்கம்மாகிட்டக் கொடுத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டானா? குடிகாரன், அவனுக்கு எங்க சொல்ல வரும். அதனால உங்கம்மா என்ன பண்ணிட்டாங்க, கட்டைதான் வந்துச்சு, ஆளு செத்த சேதி வரலேன்னு தாலியைக் கழட்டலே. முப்பது வருசமா குங்குமம் வெச்சுட்டு இருந்தாங்களா. லயத்துல சிரிச்சிருப்பாங்களே. ம்.

இப்ப பெரிய ஆஸ்பத்திரியில கிடக்குறாங்களா. எத்தனை நாளுன்னு சொல்லியிருக்கான் டாக்டரு? நாலஞ்சு நாளா. அடக் கடவுளே. பூவோட போறதா, வெறும் நெத்தியோட போறதா, கேட்டுட்டு வான்னு அனுப்பினாங்களா. கிராணியாருக்குத் தெரியும்னாங்களா. அது சரி, என்னைத்தான் சொல்லுவாங்க. எல்லாருக்கும் நான்தான் தெரியும். ஜப்பான்காரன் மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கு? இந்தப் பேனா பிடிச்சவன் மூஞ்சிதான் ஞாபகம் இருக்கு.

சொல்றேன். எனக்கு அந்தச் சன்னாசிங்கிற பேரு ஞாபகம் இல்லே. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வர்றேன். முதல்ல அந்தக் கேம்ப்பு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியணும். தெரியாம என்னைக் குத்தம் சொல்லிட்டுப் போனவங்க நெறையப் பேரு.

நீ டீச்சர், மனசுல படம் போட்டுக்கோ. ஒரு மலைச்சரிவு. மேலேர்ந்து ஒரு ஓடை இறங்குது. ஓடைக்கு இந்தப் பக்கம் மூங்கில் கொட்டாய் அஞ்சு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேல இருக்குறது ஒண்ணாம் கொட்டாய். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல சமையக்கட்டு. கடைசியில அஞ்சாம் கொட்டாய். அதுக்குக் கீழ கக்கூஸ் குழி. குழிக்கும் கீழ ஒரு தனிக் கொட்டாய், நோயாளிக்கு. அங்க போனவன் நடந்து வந்ததை நான் பாத்ததில்லே. ஓடைக்கு அந்தாண்டை மேட்டுல குன்சோவோட வீடு. குன்சோன்னா நம்ம சார்ஜன்ட் மாதிரி. குட்டை ஆளு, கையில எப்பவும் மூங்கில் குச்சி.

நானூறு பேரு போனோம். மாடு ஏத்துற கூட்ஸ் வண்டியில அஞ்சு நாள், கதவைப் பூட்டிட்டான். உள்ளயே எல்லாம். எல்லாம்னா எல்லாம். நான் சன்னல் ஓட்டைக்குப் பக்கத்துல மூக்கை வெச்சுக்கிட்டே வந்தேன். அப்புறம் காட்டுல மூணு நாள் நடை. கேம்ப்பு வாசல்ல ஒரு மூங்கில் படல். அந்தப் படலுக்குள்ள போறதுக்கு அஞ்சு இடத்துல நிக்கணும். அஞ்சு இடமும் தாண்டினவன் ஆளு இல்லே, நம்பரு.

முதல் இடத்துல மூட்டையைப் போடணும். சாமி படம், போர்வை, துணிமணி, ஒருத்தன் அம்மிக்குழவியைச் சுமந்துட்டு வந்திருந்தான், எல்லாம் ஒரே குவியல். ரெண்டாவது இடத்துல கட்டியிருக்குற துணியைக் கழட்டி கொதிக்கிற டிரம்முல போடணும். மூணாவது ஒரு தொட்டி. நெஞ்சு வரைக்கும் கருப்பு மருந்து. அதுல இறங்கி, தலையை முக்கி, அந்தாண்டைக் கரை ஏறணும். நானூறு பேருக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணி. முதல் ஆளு இறங்கும்போது அது கருப்பு. கடைசி ஆளு இறங்கும்போது அது என்ன நிறம்னு எனக்குச் சொல்ல வரலே. தூ.

அதனாலதான் வரிசையை நான் போட்டேன். குன்சோ போடலே, நான் போட்டேன். மேல்லயத்து ஆளுங்க முதல்ல, அப்புறம் நடு லயம், கடைசியில கீழ்லயம். தோட்டத்துல பெரட்டுக்கு எப்படி நிப்பாங்களோ அப்படி. ஒருத்தனும் சண்டை போடலே. உங்க ஆளுங்களும் போடலே, அவங்களே போய்க் கடைசியில நின்னாங்க.

நாலாவது இடம், உன்கிட்ட எப்படிச் சொல்றதும்மா. நீயும் என் பொண்ணு மாதிரிதான். குனியச் சொல்லி, கண்ணாடிக் குச்சியால... காலரா இருக்கான்னு பாக்குறதுக்காம். நானூறு பேருக்கும் ரெண்டே குச்சி. துணியில துடைச்சுட்டு அடுத்த ஆளு. எங்கூடப் பிறந்தவன் கனகசபை எனக்குப் பின்னால நின்னான். இருபத்திரண்டு வயசு. "அண்ணே, இதுக்கு அப்புறம் நான் எப்படிண்ணே அம்மா மூஞ்சில முழிப்பேன்"னு அழுதான். பேசாம வாடான்னேன்.

அஞ்சாவது இடம் என் மேசை. சாமான் வந்த மரப்பெட்டி ஒண்ணு, அதுதான் மேசை. எனக்கு மட்டும் வேட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, ஏன்னா எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், மலாய் பேசத் தெரியும். குன்சோ கொட்டாயைக் காட்டி, ஒண்ணுக்கு எம்பது ஆளு, நிரப்புன்னான். யாரு எங்கன்னு அவன் சொல்லலே. அதை நான் பாத்துக்கிட்டேன். மேல்லயம் ஒண்ணாம் கொட்டாய், ஓடைத்தண்ணி முதல்ல வர்ற இடம். கீழ்லயம் அஞ்சாம் கொட்டாய். கக்கூஸ் பக்கம்தான், ஆனா யாராவது ஒருத்தர் அங்க இருந்துதானே ஆகணும்? சொல்லு.

ஆளுக்கு ஒரு கட்டை. முதல்ல கொட்டாய் நம்பரு, அப்புறம் ஆளு நம்பரு. ஒண்ணு-ஒண்ணு, ஒண்ணு-ரெண்டு அப்படி. குன்சோவுக்கு நம்பர் போதும். ஆனா நான் விடலே. கிராணின்னா கிராணிதான். ஒரு பழைய நோட்டுல நம்பருக்கு நேரா பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் எழுதினேன். இன்னிக்கும் ஒண்ணாம் கொட்டாயை நான் ஒப்பிப்பேன். ஒண்ணு-ஒண்ணு கும்பகோணம் சாமிநாதன் மகன் குஞ்சிதபாதம். ஒண்ணு-ரெண்டு கனகசபை, என் தம்பி. ஒண்ணு-மூணு பாபநாசம் ரத்தினவேலு மகன்... சரி, உனக்கு அது வேணாம்.

அஞ்சாம் கொட்டாய்க்குப் பேரு எழுதலே. ஏன்னா அந்த நேரம் பாத்து மழை பிடிச்சுக்கிச்சு. நோட்டு நனைஞ்சிடும்ல. அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டேன், அப்புறம் நேரம் கிடைக்கலே. அங்க எல்லாரும் ஒரே மாதிரிப் பேருதான் வேற. அதனாலதான் உங்கப்பா பேரு எனக்குத் தெரியாது, என் மேல வருத்தப்படாதே.

டீ வந்துருச்சு. கீழ வெச்சிடும்மா விசாலம், அவங்க எடுத்துப்பாங்க. குடி, ஆறிடும்.

இப்பத் தண்ணிக்கு வர்றேன். எல்லாம் தண்ணியிலதான் இருக்கு. குன்சோ முதல் நாளே சொல்லிட்டான், காய்ச்சாத தண்ணியைக் குடிச்சவனை அடிப்பேன்னு. சமையக்கட்டுப் பக்கத்துல ரெண்டு பெரிய எண்ணெய் டிரம்மு, கீழ அடுப்பு. நாள் பூரா தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கணும், நானூறு பேரும் அதைத்தான் குடிக்கணும். நெருப்பு பாக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கொடுன்னான். மழையில நனைஞ்ச மூங்கிலை எரிய வைக்கிறது சாமானியம் இல்லே. யோசிச்சேன். அஞ்சாம் கொட்டாய்ல ஒருத்தன் இருந்தான், அஞ்சு-பதினேழு. தோட்டத்துல புகைக்கொட்டாய்ல, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவாங்களே, அங்க நெருப்பு பாத்தவன். அவனை எழுதிக் கொடுத்தேன்.

என்ன, நிமிந்து பாக்குறே? உங்கப்பாவும் புகைக்கொட்டாயா? இருக்கலாம். கீழ்லயத்துல பாதிப்பேரு அங்கதானே கிடந்தாங்க.

அவன் வேலைக்காரன்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். நெருப்பு ஒரு நாள் அணைஞ்சதில்லே. டிரம்மை வாழை இலையால மூடி, மேல மூங்கில் தட்டி வெச்சு, ஒரு ஈ இறங்க விட மாட்டான். நீளமா ஒரு மூங்கில் அகப்பை செஞ்சு, அவனேதான் எல்லாருக்கும் மொண்டு ஊத்துவான். வேற யாரும் டிரம்முல கை விடக் கூடாதுன்னு சத்தம் போடுவான். அங்கதான் வந்துச்சு வினை.

மூணாம் நாளே ஒண்ணாம் கொட்டாய்லேர்ந்து நாலு பெரிய மனுசங்க என்கிட்ட வந்தாங்க. குஞ்சிதபாதம்தான் பேசினாரு. "கிராணி, இவ்வளவு நாளும் ஒண்ணும் சொல்லலே. துணி போச்சு, மானம் போச்சு. இந்தத் தண்ணியையாவது விடு. அவன் கையால மொண்டு ஊத்தி நாங்க குடிக்கணுமா? ஊருக்குத் திரும்பிப் போனா எங்க சனம் எங்களைச் சேக்குமா?" அந்த மனுசன் கண்ணுல தண்ணி. எனக்குத் தாங்கலே. நான் கிராணி, என் ஆளுங்களுக்கு நான்தானே செய்யணும்.

செஞ்சேன். குன்சோவுக்குத் தெரியாம ஒரு வழி பண்ணினேன். ஒண்ணாம் கொட்டாய்க்கு மேல, ஓடை வளைஞ்சு வர்ற இடத்துல, பாறைக்கு நடுவுல ஒரு குழி தோண்டி, மூங்கில் குழாய் வெச்சு, நேரா கொட்டாய்க்குப் பின்னால தண்ணி விழுற மாதிரி. யாரு கையும் படாத தண்ணி. பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ கிடக்குற கூழாங்கல்லை எண்ணலாம். டிரம்முத் தண்ணிதான் சாம்பலும் புகையும் கலந்து கலங்கலா இருக்கும். நம்ம ஆளுங்க என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. என் தம்பி ரெண்டு கையாலயும் ஏந்தி ஏந்திக் குடிச்சான். "அண்ணே, நம்ம ஊரு ஆத்துத்தண்ணி மாதிரி இருக்குண்ணே"ன்னான். அந்தக் கேம்ப்புல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்.

வளைவுக்கு மேல இன்னொரு கேம்ப்பு இருந்துச்சுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? அப்புறமாச் சொன்னாங்க. அங்க காலரான்னு, செத்த ஆளுங்களை ஓடையிலேயே விட்டுட்டாங்கன்னு. அதெல்லாம் நான் நம்பலே.

பதினொண்ணாம் நாள் குஞ்சிதபாதம் விழுந்தாரு. மத்தியானத்துக்குள்ள ஒண்ணாம் கொட்டாய்ல பன்னெண்டு பேரு. வாந்தி, பேதி, வாந்தி, பேதி. படுக்குற மூங்கில் பரண் மேலேர்ந்து ஒழுகிக் கீழ நிக்குது. ஈ. நீ ஈயைப் பாத்திருக்கியா? பாத்ததில்லே. தரை தெரியாது, மனுசன் மூஞ்சி தெரியாது, ஈதான். சீ. அதுக்கு மூணாம் நாள் கனகசபை. அவனைத் தூக்கிக் கீழ கொண்டு போனாங்க, அந்தத் தனிக் கொட்டாய்க்கு. "அண்ணே, வா"ன்னு கூப்பிட்டான். நான் போகலே. எனக்கு அந்த நாத்தம் ஆகாதும்மா. நான் வாசல் வரைக்கும் போனேன். வாந்தி வந்துருச்சு, திரும்பிட்டேன்.

அந்த வியாதி கீழேர்ந்துதான் மேல ஏறுச்சு. அதுதான் என் முடிவு. அந்தக் கக்கூஸ் குழி, அந்த அஞ்சாம் கொட்டாய் அழுக்கு. என்ன? தண்ணி மேல ஏறுமான்னு கேக்குறியா. தண்ணி ஏறாது, வியாதி ஏறும். அஞ்சாம் கொட்டாய்ல எத்தனை பேரு செத்தாங்கன்னா... அந்த வாரம் ஒருத்தரும் இல்லே. ஆமா, ஒருத்தரும் இல்லே. அதைத்தான் சொல்றேன். அவங்களுக்கு அழுக்கு பழகிப்போச்சு, உடம்பு ஏத்துக்கும். நமக்கு ஏத்துக்காது. நீ டீச்சர்தான், டாக்டர் இல்லே. டாக்டர் மாதிரிப் பேசாதே.

அப்புறம் நானே விழுந்தேன். அதைச் சொல்ல வேணாம்னு பாத்தேன். சொன்னாத்தான் உனக்கு மிச்சம் புரியும். என் பரண்ல, என் அசிங்கத்துலயே கிடந்தேன். நம்ம ஆளுங்கள்ல நிக்கிறவன் நாலஞ்சு பேருதான், அவனும் எட்டி நின்னு பாத்துட்டுப் போயிடுவான். அப்ப ஒருத்தன் உள்ள வந்தான். கையில டின்னு, தோள்ல அகப்பை. அஞ்சு-பதினேழு.

"கிராணியாரே, வாயைத் திறங்க. அப்புறமா திட்டிக்கலாம்"னான்.

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். சத்தியமாக் கடிச்சுக்கிட்டேன். அவன் ஒரு கையால தாடையைப் பிடிச்சு, விட்டுட்டான் தண்ணியை. காய்ச்சின தண்ணி, உப்பு போட்டு, கஞ்சி கலந்து. சாம்பல் வாசனை. நான் துப்பினேன். மறுபடி ஊத்தினான். துப்பினேன். மறுபடி ஊத்தினான். நாலு நாளு. நாலு நாளும் என் துணியை அவனேதான் கொண்டு போயிக் கொதிக்க வெச்சுக் கொண்டாந்தான், என் உடம்பை அவனேதான் துடைச்சான். ஒரு வாட்டிகூட முகம் சுளிக்கலே. அதுதான் எனக்கு ஆகலே. அவன் முகம் சுளிச்சிருந்தா நான் பொறுத்திருப்பேன்.

பிழைச்சுட்டேன். பிழைச்சு எழுந்து, பெரட்டுக்கு நோட்டை எடுத்துட்டுப் போயி நின்னேன். எம்பது பேர் நின்ன ஒண்ணாம் கொட்டாய்ல ஒம்பது பேரு. கீழ்வரிசையிலேர்ந்து அவன், நூத்துக்கணக்கான ஆளுங்க முன்னால, "கிராணியாரே, வயிறு எப்படி இருக்கு?"ங்கிறான். சிரிச்சுக்கிட்டே. மறுநாளும் கேட்டான். தினமும் கேட்டான். அந்தக் கையால நான் குடிச்சேன்னு நாலாம் கொட்டாய்க்கும் தெரியும், மூணாம் கொட்டாய்க்கும் தெரியும். நான் பேரு கூப்பிட்டா முன்ன மாதிரி எவனும் பயப்படலே. ராத்திரியும் பகலும் அந்தச் சாம்பல் ருசி என் நாக்குல. நான் தேச்சேன், கரியால தேச்சேன், மண்ணால தேச்சேன். போகலே. இன்னும் இருக்கு. காலையில நாலு வாட்டி பல் விளக்குறேன், விசாலத்தைக் கேட்டுப் பாரு.

பொறு. வர்றேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

ஒரு நாள் குன்சோ கூப்பிட்டான். அவனுக்கே காய்ச்சல், படுத்துக்கிட்டே பேசுறான். முன்னால காட்டுக்குள்ள புதுக் கேம்ப்பு, இருபது ஆளு வேணும், திடமான ஆளு, நாளைக்குக் கிளம்பணும், நம்பர் எழுதிக் கொடு. தண்ணிக்காரனை மட்டும் விட்டுடுன்னான். அந்த மாதிரி முன்கேம்ப்பைப் பத்தி எங்களுக்குத் தெரியும். போனவன் வந்ததில்லே.

பத்தொம்பது நம்பர் எழுதினேன். கை தானா எழுதுச்சு. இருபதாவதுக்குப் பேனா நின்னுச்சு. யாரை எழுதுறது? திடமா இருக்குறவன் எவன்? நீயே சொல்லு, நியாயமாச் சொல்லு. எல்லாரும் எலும்பும் தோலுமாக் கிடக்க, தினம் நெருப்புப் பக்கத்துல நின்னு, காய்ச்சின தண்ணியைக் குடிச்சு, நிமிந்து நடக்குறவன் அவன் ஒருத்தன்தான். நான் பொய்யா எழுதலே. குன்சோ படுத்திருந்ததால வேற ஒரு ஜப்பான்காரன்தான் முத்திரை குத்தினான், அவனுக்குத் தண்ணிக்காரன் யாருன்னு தெரியாது.

எழுதினது ஒரு நம்பர்தான்மா. அஞ்சு, கோடு, பதினேழு. ஆளை நான் எழுதலே.

காலையில படல்கிட்ட அந்த இருபது பேரையும் நிறுத்தினாங்க. அங்க போனாப் புதுக் கட்டை, அதனால பழைய கட்டையை என் கூடையில போடணும். அவன் என் மேசைக்கு முன்னால வந்து நின்னான். அப்ப சிரிக்கலே. "கிராணியாரே, என் பேரை எழுதிக்குங்க. வீட்டுக்குச் சொல்லணும்ல, பொண்ணு கைக்குழந்தை"ன்னான். நம்பர் போதும், நகருன்னேன். அவன் என்னையே பாத்தான். பின்னால நின்னவன் தள்ளினான், போயிட்டான்.

சாயங்காலம் கூடையில எண்ணினா பத்தொம்பது கட்டை. ஒண்ணு குறையுது. தேடாத இடமில்லே. குன்சோவுக்குக் காய்ச்சல் விட்டதும் முதல் விசாரணையே அதுதான். கட்டை எங்க, தண்ணிக்காரன் எங்க? மூங்கிலால அடிச்சான் பாரு, இந்தக் காது அன்னிக்குப் போனதுதான். அப்புறம் டிரம்மைப் பாக்க ஆளு இல்லே. யாரோ ஒருத்தனை வெச்சோம், நெருப்பு அணைஞ்சு அணைஞ்சு போச்சு. ஒரு வாரத்துல அஞ்சாம் கொட்டாய்லயும் விழ ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் கேம்ப்புல நம்பர் கூப்பிட எனக்கு ரொம்ப நேரம் ஆகலே.

முன்கேம்ப்பா? ரெண்டு மாசம் கழிச்சு அரிசி லாரி ஓட்டுறவன் வந்து சொன்னான். அங்க ஆளே இல்லே, கொட்டாய் மேல மூங்கில் முளைச்சிருக்குன்னான்.

ஏன் குனியுறே? வேணாம். நான்தான் சொன்னேனே, அதைத் திருப்பாதேன்னு.

...

அஞ்சு-பதினேழு.

இது அந்தக் குறைஞ்ச கட்டை. மாயாண்டிகிட்டக் கொடுத்து விட்டிருக்கான். கூடையில போடாம, என்னைத் தாண்டிப் போயி, கொடுத்து விட்டிருக்கான். முப்பது வருசமா உங்கம்மா தலைமாட்டுல இருந்துச்சா? இதுக்காகத்தான் நான் அடி வாங்கினேன். இதைக் கொடுத்துட்டுப் போ, இது என் கூடையில சேர வேண்டியது. சரி, சரி. பிடுங்கலே. எடுத்துக்கோ. கண்ணைத் துடைச்சுக்கோ, மருமக பாக்குறா.

கேட்டதுக்குப் பதில் வேணும்ல. இல்லேம்மா. அவன் இல்லே. தாலியைக் கழட்டச் சொல்லிடு. இல்லாட்டி, நாலஞ்சு நாள்தானே, அப்படியே பூவோடயே போகட்டுமே, யாரு வந்து கேக்கப்போறா. உன் இஷ்டம். ஆனா எப்படிப் போனாருன்னு கேட்டா, ஜப்பான்காரன் கொண்டு போயிட்டான்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அது பொய்யும் இல்லே. யாரு எழுதினாங்கன்னு சாகப்போற மனுசிக்கு எதுக்கு? என் பேரைச் சொல்லாதே. அது ஒண்ணுதான் கேக்குறேன்.

என்ன பேரு சொன்னே அவருக்கு, முதல்ல வந்தப்ப? இரு, நோட்டு உள்ள இருக்கு, இப்பவே எழுதிடுறேன். பேனாவும் இருக்கு. பேரை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லிட்டுப் போ. ஏன் சொல்ல மாட்டேங்குறே?

போறீங்களா? டீயை அப்படியே வெச்சிட்டீங்களே. ஒரு வாய்கூடத் தொடலையே. கிளாஸைப் பாத்துத் தப்பா நினைச்சுக்கிட்டீங்களா, விசாலம், அந்தப் பீங்கான் கப்பைக் கொண்டாம்மா, வேற டீ போடு, சீக்கிரம். டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. இந்த வீட்டுல பச்சைத்தண்ணியே புழங்குறதில்லே. டின்னுல ஊத்தி, இலை போட்டு மூடி, நானே பக்கத்துல நின்னு காய்ச்சுறேன், தினமும். ஒரே ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க டீச்சர். நல்லாக் காய்ச்சின தண்ணிதான்.